ஊர்காவற்றுறையில் ஓர் இரவு

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடல் ஆழமில்லாமல் ஏரியைப் போலப் பரந்து கிடக்கிறது. அதில் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று தீவுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அப்பால் தனியே நெடுந்தீவு. வடக்கே காரைநகர். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லைடன் ஆயிற்று. அந்தப் பெயர்கள் இன்று பேச்சில் இல்லை. நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

இந்தத் தீவுகளுக்கு வருகிறவர்கள் எதற்காவது வருகிறார்கள். நயினாதீவுக்கு நாகபூசணி அம்மன் கோயிலைத் தேடி இந்துக்களும், நாக விகாரையைத் தேடிச் சிங்கள பௌத்தர்களும் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். அதே தீவில் ஒரு பள்ளிவாசலும் உண்டு. நெடுந்தீவுக்கு, அங்கே காட்டில் திரியும் குதிரைகளையும் பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும் பார்க்க வருகிறார்கள். வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் இருக்கும் ஊர்காவற்றுறைக்கு மட்டும் சுற்றுலா என்று யாரும் அதிகம் வருவதில்லை. ஒரு காலத்தில் இந்தத் தீவுகளுக்கே தலைவாசலாக இருந்த துறைமுகம் அது!

நாங்களும் அங்கே போக நினைக்கவில்லை. காற்றுதான் அனுப்பி வைத்தது.

குறிகட்டுவானில் காற்று

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த வழியாக யாழ்ப்பாணம் போய், உறவினர் வீட்டுத் திருமணத்தை முடித்துக்கொண்டு, கையில் மிச்சமிருந்த இரண்டு நாளில் நெடுந்தீவைப் பார்த்துவிடலாம் என்று நானும் என் மனைவியும் கிளம்பினோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலைக் குறுக்கே கடந்து வேலணை, அங்கிருந்து மறுபடி கடலைக் கடந்து புங்குடுதீவு. கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய இந்தச் சாலைகளை அங்கே ‘தாம்போதி’ என்கிறார்கள். இரு பக்கமும் தண்ணீர், நடுவில் பஸ். மீன் பிடிக்கக் கழிகளை நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அவ்வளவு ஆழமில்லாததால், கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து போய்க்கொண்டிருந்தார். வழியில் மண்கும்பானில் பள்ளிவாசல் கண்ணில் பட்டது. என் மனைவி ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் உள்ள குறிகட்டுவான் துறையில் இறங்கினோம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுவது அங்கிருந்துதான். நயினாதீவு கூப்பிடு தூரம் போல எதிரே தெரிகிறது. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம். அது ஜூலை மாதம். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை அங்கே ‘சோளகம்’ என்கிறார்கள். அன்று சோளகம் சுழன்று அடித்தது. துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

“இண்டைக்கு நெடுந்தீவுக்கு ஓடாது ஐயா. காத்து இறங்கட்டும், நாளைக்குப் பாப்பம்” என்றார் துறையில் நின்ற ஒருவர். பாக்கு மெல்லுகிற நிதானத்தோடு சொன்னார். நெடுந்தீவிலிருந்து மருந்து வாங்க வந்த ஒரு பெரியவரும் காய்கறி மூட்டையோடு வந்த இரண்டு பெண்களும் எங்களைப் போலவே நின்றுவிட்டார்கள். நமக்கு ஒரு நாள் பயணம் கெட்டது. அவர்களுக்கு அது வாழ்க்கை. யாரும் முணுமுணுக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரத் தம்பி ஒரு யோசனை சொன்னார். “ஊர்காவற்றுறைக்குப் போவம். அங்க பாதை ஏறினா காரைநகர். அதால யாழ்ப்பாணம் போகலாம். வந்த வழியால திரும்பிப் போறதுக்கு இது புது வழி தானே?” பாதை என்பது, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைப் படகு. நல்ல யோசனையாகத் தோன்றியது. ஏறிக்கொண்டோம்.

வழியில் டயர் பஞ்சர். ஊர்காவற்றுறைத் துறைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, பாதை அன்றைய ஓட்டத்தை முடித்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. தங்கும் விடுதி என்று ஏதும் கண்ணில் படவில்லை.

“யோசியாதேங்கோ” என்றார் அந்தத் தம்பி. “அக்கா வீடு இஞ்சதான். இரவைக்கு நிண்டுட்டுப் போங்கோ.”

யானைகள் கப்பலேறிய துறை

இருட்டுவதற்குள் துறையைப் பார்த்துவிடலாம் என்று நடந்தோம். அகன்ற கடற்கால். எதிரே காரைநகர். நடுத்தண்ணீரில், அலைக்கு மேலே நேரே எழும்பி நிற்கிறது ஒரு கோட்டை. கடற்கோட்டை என்பார்கள். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்களைச் சரணடைய வைத்ததில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு தாகத்துக்கும் உண்டு. குடிதண்ணீர் இல்லாமல் போயிற்று. சுற்றிலும் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை! ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். வரைபடத்தில் இலங்கை பன்றித் தொடையின் வடிவில் இருக்கிறதாம், இந்த இடம் அதன் குதிகாலாம்! பிற்காலத்தில் தொற்றுநோயாளிகளை ஒதுக்கிவைக்கும் இடமாகவும் சிறையாகவும் இருந்துவிட்டு, போருக்குப் பிறகு கடற்படை நடத்தும் விடுதியாக மாறியது.

கரையில் இன்னொரு சிறு கோட்டையின் சுவர்கள் புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. சற்று உள்ளே போனால், கூரை இல்லாமல் முகப்பும் சுவர்களுமாக நிற்கும் பழைய கத்தோலிக்கத் தேவாலயம். துறையோரத்தில் மீன்பிடி வள்ளங்கள். சில கடலுக்குப் போகிறவை, சில இனிமேல் போகாதவை.

இந்த ஊருக்கு ஆங்கிலத்தில் ‘கைற்ஸ்’ என்று பெயர். போர்த்துக்கேய மொழியில் துறைமுகக் கரைக்குச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். யானைகளின் துறை என்றே அவர்கள் இதை அழைத்தார்களாம். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்கு நடத்தி வந்து, இங்கே கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் யானை வாங்க யாழ்ப்பாணம் வந்தார்கள். பாய்மரக் கப்பலில் யானையை ஏற்றி, மிரளாமல் நிறுத்தி, கடல் கடந்து கொண்டு போனவர்களின் தைரியத்தை நினைத்துப் பாருங்கள்!

அதற்கும் முன்னே இது கப்பல் கட்டும் துறை. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு சோழ நாட்டின் மீது படையெடுக்கக் கப்பல்கள் கட்டிய துறைகளில் ஒன்றாக ‘ஊராத்துறை’யைத் திருவாலங்காட்டுச் சோழக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

இவ்வளவு பேர்போன துறை ஏன் ஓய்ந்தது? ஒரே நாளில் ஓயவில்லை. பாய்மரம் போய் நீராவிக் கப்பல் வந்தது. பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டும். 1905இல் ரயில் யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரை போயிற்று. சரக்கு தண்டவாளத்தின் பின்னால் போனது. வியட்நாமில் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுகத்துக்கும் இதே கதைதான். ஆறு மண்மூடிப் போக, கப்பல்கள் பக்கத்து டா நாங் துறைக்குப் போய்விட்டன. நம் காயல்பட்டினம் காணாத கதையா இது? ஹோய் ஆனைத் தேடி இன்று உலகமே போகிறது. ஊர்காவற்றுறையை நடுவில் வந்த போர் உலகத்தின் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டது.

அந்த வீடு

வீட்டு வாசலில் பனையோலை வேலி. உள்ளே நுழைந்ததும், தம்பியின் அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். நல்ல தண்ணீர். “கிணத்துத் தண்ணி உவர். இது சாட்டியால வாற தண்ணி” என்றார். சாட்டி என்பது வேலணையில் உள்ள கடற்கரை. கடலை ஒட்டிய அந்த மணலில் நன்னீர் ஊறுகிறது. தீவுகளில் தண்ணீர் கொடுப்பது சும்மா உபசாரமல்ல. தூக்கி வந்ததை, அளந்து வைத்ததை, நமக்கு ஊற்றுகிறார்கள்.

ஒளு செய்ய அந்தத் தண்ணீரைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. கிணற்று உவர்நீரிலேயே ஒளு செய்துகொண்டோம். “எந்தப் பக்கம் பாத்துத் தொழுவியள்?” என்று கேட்டு, முன் அறையில் இருந்த நாற்காலிகளை நகர்த்தி, துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைத்தார் அந்த அம்மா. அவர்கள் கத்தோலிக்கர்கள். சுவரில் இருந்த படத்தை எடுத்து வைக்கட்டுமா என்று கூடக் கேட்டார். வேண்டாம் அம்மா, நாங்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம் என்றாள் என் மனைவி. பயணத்தொழுகையாகச் சுருக்கித் தொழுதோம்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்குப் பெரிய கவலை. “கோழி இருக்கு. ஆனா உங்கட முறைப்படி அறுக்கேல்லை. மீன் எண்டால் பிரச்சினை இல்லைத்தானே, பிள்ளை?” என்று என் மனைவியிடம் கேட்டார். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், பொரித்த மீன். சமைப்பதற்கு முன் சட்டியைத் தேய்த்துக் கழுவும் சத்தம் சமையலறையிலிருந்து நெடுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது, எதற்கு இவ்வளவு சிரமம் என்றேன். அவர் சிரித்தார். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது, கைப்பிள்ளையோடு வீட்டைப் பூட்டாமல் ஓடியதைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பிறகு ஒரு வீட்டுக்காரர் தம் விறாந்தையைக் கொடுத்தார். 1995 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணத்து வலிகாமமே புலிகளின் உத்தரவில் வெளியேறியதே, அந்தக் கூட்டத்தோடு மழையில் நடந்து தென்மராட்சி, பிறகு வன்னி. “எத்தினை வீட்டில நிண்டம் எண்டு கணக்கில்லை ஐயா. ஆர் எங்களைத் திட்டமிட்டுக் கூப்பிட்டவை? இடம் தந்தவைதானே!”

நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

காற்றில் வந்தவர்கள்

அன்று இரவு காற்று ஓயவில்லை. பனையோலைகள் உரசும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. இந்தத் தீவுகளுக்குத் திட்டமில்லாமல் வந்து சேர்ந்தவர்களின் வரிசை மனதில் ஓடியது. அந்த வரிசை மிகவும் பழையது.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை வருகிறது. கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. சாவக நாடு பஞ்சத்தில் வாடுகிறது என்று கேட்டு, பசித்தவர்களுக்கு உணவிடக் கப்பலேறினான். வழியில் காற்று கடலைக் கலக்கியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் ஒதுங்கியது. ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி, இரவில் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது! உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம் கையில் இருக்க, வாங்கி உண்ண ஒரு மனிதன் இல்லாத தீவில் தனியாக நின்றான். தான் மட்டும் உண்டு வாழ விரும்பாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலிருந்து உயிர் விட்டான் என்று காப்பியம் முடிக்கிறது. அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

காப்பியம் போகட்டும், வரலாற்றுக்கு வருவோம். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் மாலத்தீவிலிருந்து நம் மஃபர் கரைக்கு, அதாவது தமிழகக் கரைக்குத்தான் கப்பலேறினார். காற்று இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டது. எதிரே தெரிந்த கரை யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டது. அவர் கொடியவர், கடலில் கொள்ளையடிக்கும் கப்பல்கள் வைத்திருப்பவர் என்று மாலுமி பயந்தார். இறங்கவும் அச்சம், இறங்காவிட்டால் மூழ்கும் அபாயம். இப்னு பதூதா, நான் போய்ப் பாதுகாப்பு வாங்கி வருகிறேன் என்று தனியே இறங்கினார்.

என்ன நடந்தது தெரியுமா? அரசர் அவரைப் புத்தளத்தில் வரவேற்று அருகில் அமர்த்தினார். அரசருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. கப்பலில் வந்தவர்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவா ஆதம் மலையைக் காண வேண்டும் என்றார் விருந்தாளி. பல்லக்கும் ஆட்களும் வழித்துணைக்கு யோகியரும் பிராமணரும் கொடுத்து, ஓர் இந்து அரசர் ஒரு முஸ்லிம் பயணியை ஸியாரத்துக்கு அனுப்பி வைத்தார்! கொள்ளைக்காரன் என்று கேள்விப்பட்டு இறங்கிய கரையில் இப்னு பதூதாவுக்குக் கிடைத்த மரியாதை இது.

கல்லில் எழுதிய சட்டம்

இதெல்லாம் ஓர் அரசரின் நல்ல மனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தத் துறைக்கென்றே எழுதி வைத்த சட்டம் ஒன்று இருந்தது. அது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கும் கல்வெட்டு. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார்.

ஆணையின் பொருள் இது: பிற நாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும். பல துறைகளிலிருந்தும் நம் துறைக்கு மக்கள் வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

சிங்கள அரசரின் ஆணை தமிழில் இருப்பதைக் கவனியுங்கள். அந்தத் துறையில் புழங்கிய மொழி எதுவோ அந்த மொழியில் எழுதினார்கள்.

உடைந்த கப்பலில் பாதியை அரசு எடுத்துக்கொள்வதா, இதென்ன நீதி என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். அந்தக் கால வழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்ற துறையில் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244இல் வெட்டிய கல்வெட்டு, முன்னிருந்த மன்னர்கள் புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கு முழுவதையும் பறித்துக்கொண்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தாம் உரிய தீர்வை தவிர எதுவும் எடுப்பதில்லை என்று கணபதிதேவர் அபயம் அளிக்கிறார். அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஊராத்துறையில், கடலில் எல்லாம் இழந்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்!

இதில் அரசருக்கு லாபமும் இருந்தது. அவருக்குக் குதிரை வேண்டும். குதிரை அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வர வேண்டும். ஹுர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் நம் காயலில் வந்து நின்றதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அப்படி வந்த வணிகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தன் கப்பல் உடைந்தாலும் உடைமை முழுவதும் போகாது என்று தெரிந்தால்தான் வணிகன் இந்தப் பக்கம் பாய் விரிப்பான். நல்ல மனமும் நல்ல கணக்கும் ஒன்று சேர்ந்த சட்டம் அது. நமக்கும் இது புதிதல்ல. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர் அல்லவா? ஊரில் பணக்காரனாக இருந்தாலும், வழியில் கைப்பொருள் இழந்து நிற்பவனுக்கு உரிமை உண்டு.

சட்டம் உடைந்த நாட்கள்

இதையெல்லாம் பெருமையாக எழுதும்போது பேனா ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. இதே கடலில் 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அக்டோபர் 30ஆம் தேதி கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், வீடு, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சொற்பப் பணத்தோடும் மாற்றுத் துணியோடும் போனார்கள். வட மாகாணம் முழுவதும் 70,000க்கும் மேற்பட்டோர்.

உடைந்த கப்பலின் சொந்தக்காரனுக்குப் பாதியாவது கொடு என்று கல்வெட்டிய மண்ணில், உடையாத வீட்டின் சொந்தக்காரனுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அதே அக்டோபர் 30ஆம் தேதி, ஐந்து ஆண்டுகள் கழித்து, அந்தக் கத்தோலிக்க அம்மா நடந்த தேதி. ஒருவர் துயரத்தை இன்னொருவர் துயரத்தால் நிறுத்துப் பார்ப்பது சரியல்ல. ஆனால் இரண்டு வீட்டு நாட்காட்டியிலும் ஒரே தேதி இருப்பதை அறிந்துகொண்டால், இருவரும் உட்கார்ந்து பேசுவது சுலபமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். ஆம், இப்னு பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்த அதே புத்தளம்! அந்த ஊர் மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். அவர்களும் செல்வந்தர்களல்ல. கிணறும் தோப்பும் பள்ளிக்கூட இருக்கையும் பங்கு போட வேண்டியிருந்தது. ஆண்டுகள் போகப் போக அதில் உரசல்களும் வந்தன. ஆனாலும் முதல் நாள் கதவைத் திறந்தார்கள். போர் 2009இல் முடிந்த பிறகு சிலர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து வேர் விட்டுவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு

விடிந்ததும் காற்று இறங்கியிருந்தது. அந்த அம்மாவிடம் பணம் கொடுக்க முயன்றதில் பயனில்லை. என் மனைவி திருமண வீட்டில் கிடைத்த புடவையை அவர் கையில் வைத்தாள். பதிலுக்கு ஒரு பனங்கட்டிக் குட்டானும் ஒடியல் பொட்டலமும் எங்கள் பையில் ஏறிவிட்டன. பாதையில் ஏறிக் காரைநகருக்குப் போனோம். கடற்கோட்டை பக்கத்தில் வந்து விலகியது. கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டதால் நெடுந்தீவை இந்த முறை பார்க்க முடியவில்லை. இன்ஷா அல்லாஹ், இன்னொரு முறை.

நம் வாசகர்கள் யாரேனும் யாழ்ப்பாணம் போனால், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் வழியில் ஊர்காவற்றுறைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்றில் படகு நிற்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். குடிதண்ணீர் உங்களோடு கொண்டு போங்கள். பாதை, பஸ் இரண்டின் நேரத்தையும் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க அங்கே மாளிகைகள் இல்லை. துறையில் நின்று, எத்தனை நாட்டுக் கப்பல்கள் இந்தக் கடற்காலில் நங்கூரம் பாய்ச்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கல்வெட்டின் சட்டத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். யானைக் கப்பலுக்கு முக்கால், சரக்குக் கப்பலுக்கு அரை என்று கணக்காகச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

அழைத்து வந்த விருந்தாளியை உபசரிக்க எல்லா ஊருக்கும் தெரியும். அழைக்காமல், காற்றோ போரோ தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறவனுக்குத் தண்ணீரில் ஒரு பங்கு, திண்ணையில் ஒரு பங்கு, அவன் இழந்ததில் ஒரு பங்கு என்று கொடுக்கிற ஊர்தான் துறைமுகம் என்ற பெயருக்குத் தகும். பராக்கிரமபாகு அந்த ஆணையைச் சூரியனும் சந்திரனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். நடுவில் அது நடக்காத நாட்கள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தத் துறையில் ஒரு வீட்டிலாவது அது இன்னும் நடக்கிறது. கல்வெட்டைப் படித்தல்ல, தாங்கள் பட்டதிலிருந்து கற்றுக்கொண்டு.